வைஃபை ஐகான் எங்கண்ணா?

ராத்திரி எட்டே முக்கால். ஹாஸ்டல் மெஸ் க்யூவில் நிற்கிறேன். தட்டில் ரெண்டு சப்பாத்தி விழுந்தாச்சு, குருமா இன்னும் விழவில்லை. போன் அடித்தது. எங்க டிபார்ட்மென்ட் தேர்ட் இயர் ஜூனியர் பொண்ணு.

"அண்ணா, சாப்பிடுற நேரத்துல சாரிண்ணா. இந்த லேப்டாப்ல வைஃபை ஐகான் எங்கண்ணா இருக்கு?"

"ஐகான்லாம் வராதும்மா. நாமளே ஃபைல்ல எழுதிக்கணும்" என்றேன். குரலில் கொஞ்சம் கெத்து இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

"எந்த ஃபைல்ண்ணா? நைட்டு பன்னெண்டு மணிக்குள்ள ஸ்காலர்ஷிப் ரினியூவல் போடணும். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

குருமா விழுந்தது. கெத்து போய்விட்டது.

இது நடந்தது 2019-ல். அப்போ நான் ஃபைனல் இயர். அந்த லேப்டாப்பில் ஐகான் இல்லாமல் போனதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, சாட்சாத் நான்தான். அந்தக் கதையைச் சொல்ல ஒரு மூணு மாசம் பின்னாடி போகணும்.

எங்க டிபார்ட்மென்டில் 'லினக்ஸ் பசங்க' என்று அஞ்சு பேர் திரிந்தோம். அதில் மூணு பேர் லேப்டாப்பில் ஒட்டுகிற ஸ்டிக்கருக்காகச் சேர்ந்தவர்கள். அந்த ஜூலையில் டெபியன் 10 ரிலீஸ் ஆனது. நெட்வொர்க்ஸ் லேப்பில் இருந்த முப்பத்தாறு சிஸ்டமும் பழசு, விண்டோஸ் திணறித் திணறி ஓடியது. "சார், நாங்க லினக்ஸ் போட்டுத் தர்றோம்" என்று ஹெச்.ஓ.டி. முன்னால் போய் நின்றோம். அவரும் தலையாட்டிவிட்டார். ஒரே ஒரு சிஸ்டத்தில் எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்து, அதை அப்படியே இமேஜ் எடுத்து, க்ளோன்ஜில்லா வைத்து மற்ற முப்பத்தஞ்சிலும் இறக்குவது என்று பிளான். அதாவது, அந்த ஒரு சிஸ்டத்தில் நான் எதை வைக்கிறேனோ, எதை எடுக்கிறேனோ, அதுதான் முப்பத்தாறு பேருக்கும் தலையெழுத்து.

லினக்ஸ் பக்கம் வராதவங்களுக்கு ஒரு நிமிஷம். லினக்ஸ் என்பது உள்ளே இருக்கிற கெர்னல் மட்டும்தான். அதன்மேல் ஆயிரக்கணக்கான சாஃப்ட்வேரை அடுக்கி, 'இந்தா, சாப்பிடு' என்று தருவதுதான் டிஸ்ட்ரிபியூஷன். டெபியன், உபுன்டு, ஃபெடோரா எல்லாம் அந்த வகை. மெஸ் மீல்ஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்க. உள்ளே அடுப்படியில் எவ்வளவோ இருக்கும், டெபியனில் ஐம்பதாயிரம் பேக்கேஜுக்கு மேல். ஆனால் நீங்க கேட்காமலே இலையில் விழுவது கொஞ்சம்தான். எது விழணும் என்பதை முடிவு செய்ய டெபியன்காரர்கள் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் 'ப்ரையாரிட்டி' என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். ரிக்வயர்டு, இம்பார்டன்ட், ஸ்டாண்டர்டு, ஆப்ஷனல். 'இம்பார்டன்ட்' என்று போட்டால் எல்லோர் இலையிலும் விழும். அதை 'ஆப்ஷனல்' என்று மாற்றினால், கேட்டவனுக்கு மட்டும். ஒரே ஒரு வார்த்தை மாற்றம். உலகம் முழுக்க புதுசா இன்ஸ்டால் செய்கிற சிஸ்டத்திலிருந்து ஒரு கமாண்ட் காணாமல் போய்விடும்.

அப்படிக் காணாமல் போனதுதான் இஃப்கான்ஃபிக். ஞாபகம் இருக்கிறதா? 2017 ரெகுலேஷனில் படித்தவர்களுக்கு மறக்காது. நெட்வொர்க்ஸ் லேப் முதல் எக்ஸ்பெரிமென்டே டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், இஃப்கான்ஃபிக், என்எஸ்லுக்அப், டிரேஸ்ரூட் கமாண்ட்களைக் கற்றுக்கொள்வதுதான். எங்க புது இமேஜோடு முதல் லேப் கிளாஸ். முப்பத்தாறு பேரும் 'இஃப்கான்ஃபிக்' என்று டைப் செய்து என்டர் தட்டினார்கள். முப்பத்தாறு ஸ்கிரீனிலும் ஒரே பதில்... 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'.

மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய், "மேடம், அது பழசு. இப்ப எல்லாம் 'ஐபி'ன்னுதான் அடிக்கணும்" என்று பாடம் எடுத்தேன்.

சொன்னது பொய் இல்லை. இஃப்கான்ஃபிக் பிறந்தது 1983-ல், பெர்க்லி யூனிக்ஸ் காலத்தில். 1999-ல் 2.2 கெர்னல் வந்தபோதே லினக்ஸின் நெட்வொர்க் பகுதி அடியோடு மாறிவிட்டது. அதற்கு ஏற்ற மாதிரி அலெக்ஸி குஸ்னெட்சோவ் என்பவர் எழுதியதுதான் 'ஐபி' கமாண்ட் வருகிற ஐபிரூட்2. 'ஐபி' வைத்து ஒரே கார்டுக்கு ரெண்டாவது அட்ரஸ் கொடுத்துப் பாருங்க, இஃப்கான்ஃபிக் முதல் அட்ரஸை மட்டும் காட்டிவிட்டு சும்மா இருக்கும். பாதி உண்மை சொல்கிற டூல். ஆனாலும் 2017-ல் டெபியன் 9 வந்தபோதுதான் அதன் பேக்கேஜான நெட்-டூல்ஸை இலையிலிருந்து எடுத்தார்கள். புதுசு வந்து பதினெட்டு வருஷம் கழித்து! அவ்வளவு பொறுமை. எனக்கு அந்தப் பொறுமையின் அர்த்தம் அன்று புரியவில்லை.

மேடம் கேட்டது ஒரே கேள்வி. "எக்ஸ்டர்னல் வந்து இஃப்கான்ஃபிக் அடிக்கச் சொன்னா, ஒவ்வொரு ஸ்டூடன்ட் பக்கத்துலயும் நின்னு நீ இந்தக் கதையைச் சொல்லுவியா?"

நான் வெளியே வந்து நண்பர்களிடம் மேடத்தை வைத்து காமெடி செய்தேன். அன்று சாயங்காலமே லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சத்தம் போடாமல் முப்பத்தாறிலும் நெட்-டூல்ஸ் போட்டு முடித்திருந்தார். அப்படியும் மறுநாள் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'! டெபியனில் இஃப்கான்ஃபிக் குடியிருப்பது எஸ்பின் ஃபோல்டரில். சாதாரண யூசருக்கு அந்த ஃபோல்டர் தேடும் பாதையிலேயே வராது. முன்னால் 'சூடோ' சேர்த்து அடிக்க வேண்டும். அதையும் ஒரு ஏ4 பேப்பரில் எழுதி அண்ணன் சுவரில் ஒட்டினார். நான் அந்தப் பேப்பரையும் பார்த்துச் சிரித்தேன். அப்படி ஒரு ஆளாகத்தான் இருந்தேன்.

சரி, மெயின் மேட்டருக்கு வர்றேன். கமாண்ட் பேர் மாறினால் திட்டு வாங்கிக்கொண்டு புதுசு கற்றுக்கொள்ளலாம். சிஸ்டம் நெட்டோடு சேருவதே யார் வேலை என்பதுதான் பெரிய கேள்வி.

அதற்கு நான் இமேஜில் வைத்தது இஃப்அப்டவுன். டெபியனின் பழைய முறை. 'இன்டர்ஃபேசஸ்' என்று ஒரு ஃபைல், அதில் கார்டு பேர் எழுதி, பக்கத்தில் டிஹெச்சிபி என்று எழுதினால் தீர்ந்தது. நாலே வரி. வயர் சொருகியபடி ஒரே இடத்தில் கிடக்கிற சிஸ்டத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, இன்னைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இன்னொரு பக்கம் நெட்வொர்க் மேனேஜர். 2004-ல் ரெட்ஹேட் ஆரம்பித்தது. வீட்டில் ஒரு வைஃபை, காலேஜில் ஒரு வைஃபை, பஸ்ஸில் ஹாட்ஸ்பாட் என்று நாய் மாதிரி அலைகிற லேப்டாப்புக்காகவே செய்தது. ஓரத்தில் ஐகான், க்ளிக் செய்தால் லிஸ்ட், பாஸ்வேர்டு போட்டால் கனெக்ட். ஆரம்ப வருஷங்களில் அது ரொம்பப் படுத்தியது என்று சீனியர்கள் சொல்லுவார்கள். 'இன்ஸ்டால் பண்ணினதும் முதல் வேலையா நெட்வொர்க் மேனேஜரைத் தூக்குடா' என்பது எங்க குரூப்பில் வழிவழியாக வந்த உபதேசம். எதுக்குத் தூக்கணும் என்று யாரும் கேட்டதில்லை. தாத்தா காலத்து வரப்புச் சண்டையைப் பேரன் தொடர்கிற மாதிரி நானும் தொடர்ந்தேன். தூக்கினேன்.

லேப்போடு நிறுத்தியிருந்தால் பிரச்னையே இல்லை. "அண்ணா, எங்க லேப்டாப்லயும் போட்டுத் தாங்க" என்று ஜூனியர்கள் வந்தார்கள். அதே இமேஜ், அதே பென்டிரைவ். வரிசையாக இறக்கினேன்.

அந்தப் பொண்ணுடையது ப்ளஸ் டூவில் கவர்மென்ட் கொடுத்த லேப்டாப். அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்றால் நம்ம சென்னை சி-டாக் செய்தது, அதுவும் டெபியனை அடிப்படையாக வைத்ததுதான். "இதெல்லாம் எதுக்கும்மா? மொத்தமா துடைச்சிட்டு ஃப்ரெஷ்ஷா போட்டுடலாம். பறக்கும் பாரு" என்றேன். அவளும் நம்பித் தலையாட்டினாள். பறக்கத்தான் செய்தது. காலேஜ் லேப்பில் வயர் சொருகி வேலை பார்த்தவரைக்கும் அவளுக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் இன்கம் சர்டிஃபிகேட் கைக்குக் கிடைத்திருக்கிறது. லேப்டாப்போடு ஊருக்குப் போயிருக்கிறாள். போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்துவிட்டு, விண்டோஸில் இருந்த மாதிரி, பாஸில் இருந்த மாதிரி, ஐகானைத் தேடியிருக்கிறாள்.

மெஸ்ஸை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

"போன்லயே ஃபார்மைப் போட்டுப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேண்ணா. சர்டிஃபிகேட் அப்லோட் பண்ற இடத்துல சுத்திக்கிட்டே நிக்குது."

"பிரவுசிங் சென்டர்?"

"ஆறு கிலோமீட்டர்ண்ணா. மூடியிருப்பாங்க. பஸ்ஸும் போயிடுச்சு."

"பக்கத்துல யார்கிட்டயாவது லேப்டாப்..."

"எங்க தெருவுலயே என்கிட்ட மட்டும்தாண்ணா இருக்கு."

இப்போது என் மூளை வேகமாக ஓடியது. ஓடி, போய் ஒரு சுவரில் முட்டியது. பாஸ்வேர்டு போட்ட வைஃபையில் சேர டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்று ஒரு பேக்கேஜ் வேண்டும். நெட்வொர்க் மேனேஜரைப் போட்டால் அது கூடவே வந்துவிடும். நான் இமேஜ் செய்தது வயர் சொருகிய சிஸ்டத்தில், அதனால் அதுவும் உள்ளே இல்லை. ஆக, அந்த ஃபைலில் எத்தனை வரி எழுதினாலும் அந்த லேப்டாப் வைஃபையில் சேரவே சேராது. 'நாமளே எழுதிக்கணும்' என்று நான் விட்ட டயலாக் இருக்கிறதே, அது வெறும் பந்தா.

இல்லை என்றால் என்ன, இன்ஸ்டால் செய்துகொள்ளலாமே? ஒரே கமாண்ட். ஆனால் அந்தக் கமாண்டுக்கு நெட் வேண்டும்! வீடியோ பிளேயர் இல்லையா, இறக்கிக்கொள்ளலாம். ஆபீஸ் சாஃப்ட்வேர் இல்லையா, இறக்கிக்கொள்ளலாம். மீல்ஸில் அப்பளம் வராவிட்டால் கேட்டு வாங்கலாம். நெட்வொர்க் டூல் மட்டும் அப்படி இல்லை. அது கேட்கிற வாய். வாயையே எடுத்துவிட்டு 'வேணும்னா கேளு' என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. யூ.எஸ்.பி. டெதரிங். போனைக் கேபிளில் லேப்டாப்போடு சேர்த்தால், லேப்டாப் அந்தப் போனை ஒரு வயர் நெட்வொர்க் கார்டாகத்தான் பார்க்கும். வைஃபை சமாச்சாரமே வேண்டாம்.

"கேபிளைச் சொருகும்மா. செட்டிங்ஸ்ல டெதரிங் ஆன் பண்ணு."

"சார்ஜ் ஏறுதுண்ணா. ஆனா டெதரிங் பட்டன் மங்கலாவே இருக்கு, அமுக்க முடியல."

கழற்றிச் சொருகச் சொன்னேன். வேறு போர்ட்டில் சொருகச் சொன்னேன். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இருபது நிமிஷம் போனது. அப்புறம்தான் உறைத்தது. "கேபிள் எங்கம்மா வாங்கின?" பஸ் ஸ்டாண்ட் கடையில், ஐம்பது ரூபாய். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள், டேட்டா போகாது. போன் வாங்கும்போது டப்பாவோடு வந்த கேபிள் வேண்டும். அவளுடையது எப்போதோ அறுந்துவிட்டது. நாலு வீடு தள்ளி ஒரு அண்ணன் புதுப் போன் வாங்கியிருக்கிறாராம். அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் போய் வாங்கி வந்தாள். லைனைக் கட் செய்யவில்லை. நாய் குரைத்தது, கதவு தட்டினது, "இந்நேரத்துல என்ன பாப்பா?" என்று யாரோ கேட்டது எல்லாம் எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மணி பத்தே கால்.

"இப்ப பட்டன் தெளிவா வந்துடுச்சுண்ணா. ஆன் பண்ணிட்டேன்."

"ஐபி லிங்க்னு அடி. வர்ற பேரையெல்லாம் படி."

எழுத்து எழுத்தாகப் படித்தாள். டெபியனில் பழைய ஈத்0 என்கிற சின்னப் பேர் 2017-லேயே போய்விட்டது. இப்போது கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறதோ அதை வைத்து நீளமாகப் பேர் வரும். எந்த சிஸ்டத்திலும் பேர் குழம்பக் கூடாது என்பதற்காகச் செய்தது, நல்ல காரணம்தான். போனில் ராத்திரி நேரத்தில் ஒரு பொண்ணு அதைப் படித்துக் காட்டும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். கடைசியாக ஒரு புதுப் பேர் முளைத்திருந்தது. அதுதான் போன்.

"சூடோ டிஹெச்கிளையன்ட், ஒரு ஸ்பேஸ், அப்புறம் அந்தப் பேர். ஒரு எழுத்தும் மாறக் கூடாது."

அமைதி.

"ஒண்ணுமே வரலண்ணா. கர்சர் கீழ வந்து சும்மா நிக்குது."

"சரி, அதுதான் வேணும். ஒண்ணும் சொல்லலைன்னா வேலை நடந்துடுச்சுன்னு அர்த்தம். பிரவுசரைத் திற."

பேஜ் திறந்தது. பதினொன்றரைக்கு அக்னாலெட்ஜ்மென்ட் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே, 'ரொம்ப தேங்க்ஸ்ணா. நீங்க இல்லன்னா அவ்ளோதான்'. அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு இந்தப் பிரச்னையே வந்திருக்காது. ஐகானைக் க்ளிக் செய்து ஏழு மணிக்கே ஃபார்மைப் போட்டிருப்பாள்.

மறுநாள் லேப் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டிப்ளமோ படித்துவிட்டு பதினஞ்சு வருஷமாக அந்த லேப்பைக் கட்டி மேய்க்கிறவர். கேட்டுவிட்டு, என் பையைக் காட்டி, "உன் லேப்டாப்பை எடுத்து ஆன் பண்ணு தம்பி" என்றார். செய்தேன். உபுன்டு. மேல் ஓரத்தில் அழகாக வைஃபை ஐகான். நெட்வொர்க் மேனேஜர்!

"உனக்கு மட்டும் ஐகான் வேணும். அந்தப் புள்ளைக்கு ஃபைல்ல எழுதணும். ஏன்டா?"

பதில் இல்லை என்னிடம். மாற்றத் தெரிந்தவனுக்கு எந்த டூலை வைத்தாலும் ஒன்றுதான் தம்பி, பிடிக்காவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் மாற்றிக்கொள்வான், தெரியாதவனுக்காகத்தான் யோசித்து வைக்கணும் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அந்த சனிக்கிழமை டீக்கடையில் அஞ்சு பேரும் உட்கார்ந்தோம். இரண்டாவது இமேஜில் எதை வைப்பது? ஒருத்தன் சிஸ்டம்டி-நெட்வொர்க்டிதான் என்று நின்றான். அது சிஸ்டம்டியோடு ஏற்கெனவே வந்துவிடுகிறது, தனியாக எதுவும் போட வேண்டாம் என்பது அவன் வாதம். சர்வருக்கு அருமை. ஆனால் அதுவும் ஃபைலில் எழுதுகிற கட்சிதான், ஐகான் கிடையாது. வைஃபை பாஸ்வேர்டுக்கு அதற்கும் சப்ளிகன்ட் மாதிரி இன்னொரு ஆள் துணை வேண்டும். இன்னொருத்தன் நெட்பிளான் என்றான். 2017 அக்டோபரில் வந்த உபுன்டு 17.10-லிருந்து அங்கே அதுதான் டீஃபால்ட். நீங்க ஒரு யாம்ல் ஃபைல் எழுதினால், அது போய் டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் மேனேஜரிடமும் சர்வரில் நெட்வொர்க்டியிடமும் வேலை வாங்கும். மேஸ்திரி மாதிரி. யாம்லில் ஒரு ஸ்பேஸ் தப்பினால் மானம் போகும், அது வேறு விஷயம்.

ஆனால் நெட்பிளானில் ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. 'நெட்பிளான் டிரை' என்று அடித்தால், புது செட்டிங்கைப் போட்டுவிட்டு 120 செகண்ட் காத்திருக்கும். அதற்குள் நீங்க என்டர் தட்டவில்லை என்றால், 'ஓ, இவன் லைன் அறுந்துபோச்சு போல' என்று தானாகப் பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிடும். தூரத்தில் இருக்கிற சர்வரில் செட்டிங் மாற்றி, தன் கனெக்‌ஷனைத் தானே வெட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்காக யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். படிக்கட்டில் நான் உட்கார்ந்திருந்த மாதிரி அவரும் எங்கேயோ ஒரு நாள் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு டீ, ரெண்டு சண்டைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரே இமேஜ் என்பதே தப்பு. லேப்புக்கு இஃப்அப்டவுன், கூடவே நெட்-டூல்ஸ். சிலபஸில் இருக்கிற வரைக்கும் இஃப்கான்ஃபிக் இருக்கட்டும், அது பாதி உண்மை சொன்னாலும் பரவாயில்லை. லேப்டாப்புக்கு நெட்வொர்க் மேனேஜர். வாதம் செய்யாமல் ஒப்புக்கொண்டேன். நண்பர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அடுத்தது டெஸ்டிங். லினக்ஸே பார்த்திராத ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பியைப் பிடித்து வந்தோம். லேப்டாப்பைக் கையில் கொடுத்து, "நெட்டைக் கனெக்ட் பண்ணு" என்று மட்டும் சொன்னோம். பக்கத்தில் நின்று எவன் வாயைத் திறக்கிறானோ அவன் தலையில் அன்றைய டீ செலவு. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடியதில்லை. வைஃபை ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது. வயரைச் சொருகினான், ஐகான் அசையவே இல்லை. 'மேனேஜ் செய்யப்படவில்லை' என்றது. பழைய இமேஜிலிருந்து ஆரம்பித்ததால் 'இன்டர்ஃபேசஸ்' ஃபைலில் அந்தக் கார்டின் பேர் அப்படியே இருந்தது. அந்த ஃபைலில் பேர் இருந்தால் 'அது இஃப்அப்டவுன் வீட்டுப் பிள்ளை' என்று நெட்வொர்க் மேனேஜர் தொடாது. ரெண்டு மேனேஜர் உள்ள ஆபீஸில் நடப்பதுதான். வரியை அழித்தோம், சரியானது. அந்தத் தம்பி வராமல் இருந்திருந்தால் இது எங்க கண்ணில் பட்டிருக்காது. எங்களுக்கு எப்படிச் சரிசெய்வது என்று தெரியும், அதனாலேயே அது எங்களுக்குக் குறையாகத் தெரிந்திருக்காது.

பென்டிரைவில் ஒரு ஃபோல்டரும் சேர்த்தோம். நெட்வொர்க் மேனேஜர், சப்ளிகன்ட், நெட்-டூல்ஸ், இதற்கெல்லாம் தேவையான துணை பேக்கேஜ்கள், எல்லாம் ஃபைலாக. ஏற்கெனவே நான் கெடுத்து வைத்த லேப்டாப்களைத் தேடித் தேடிப் போய்ப் போட்டுக் கொடுத்தேன். பதினேழு லேப்டாப்.

இதே தலைவலி பெரிய இடத்திலும் உண்டு என்று பிறகு தெரிந்தது. அந்தக் காலத்தில் டெபியனின் அஃபிஷியல் இன்ஸ்டாலரில் பல வைஃபை கார்டுகளுக்கான ஃபர்ம்வேர் இருக்காது. அது சுதந்திர மென்பொருள் இல்லை என்ற கொள்கைக் காரணம். வைஃபை வேண்டும் என்றால் ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க நெட் வேண்டும்! நாங்களே அன்அஃபிஷியல் இன்ஸ்டாலரைத் தேடி எடுத்துத்தான் இமேஜ் செய்தோம். 2022-ல் டெபியன் டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டு அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேர் அஃபிஷியல் இன்ஸ்டாலரிலேயே வருகிறது. கொள்கை முக்கியம் இல்லையா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் எந்தப் பக்கம் கை தூக்குவேன் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது இமேஜை 2020 ஜனவரியில் ஜூனியர்களுக்குக் கொடுத்தோம். மார்ச்சில் காலேஜை மூடினார்கள். ஒரு வாரம் லீவு என்று பையைக் கட்டியவர்கள் மாசக்கணக்கில் வீட்டில். லேப் இல்லை, வயர் இல்லை, பக்கத்தில் நின்று சரிசெய்து கொடுக்க நாங்களும் இல்லை. எல்லாம் ஆன்லைன் கிளாஸ், எல்லோருக்கும் போன் ஹாட்ஸ்பாட்தான். ஒவ்வொரு நாளும் யாராவது கூப்பிடுவார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு காலை, அதே பொண்ணு. போனை எடுக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"என்னம்மா, ஐகான் வரலையா?"

"ஐகான்லாம் ஜம்முனு இருக்குண்ணா. போனுக்குத்தான் சிக்னல் வரல. இப்ப வாட்டர் டேங்க் மேல ஏறி உக்காந்து கிளாஸ் கவனிக்கிறேன்."